வெறும் பாட்டிலில் நீல இழை

ஜூன் 3, செவ்வாய்

காலை ஏழு மணிக்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. கத்திரி முடிந்து ஒரு வாரம் ஆகிறதாம். யாருக்கு முடிந்தது?

செய்ய வேண்டியவை:
– பிரஷர் மாத்திரை (நாளையோடு காலி)
– கேஸ் சிலிண்டர் புக் பண்ண
– ஜீப் கேட்க. தர மாட்டார். கேட்டதாக இருக்கட்டும்.
– பாட்டில் பிரச்சினை

பாட்டில் பிரச்சினையை எழுதாவிட்டால் இன்றைக்குச் சோறு இறங்காது. மாவட்டம் முழுக்க ஒரு சர்வே. உப்பு, கருவாடு, கேன் தண்ணீர், மூன்றிலும் மைக்ரோபிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் என்று போர்டு மாட்டி உட்கார்ந்திருக்கிற எனக்கு ஒதுக்கியது சிதம்பரம் பக்கத்துக் கேன் தண்ணீர். சாம்பிள் எடுக்க ஆபீஸில் கொடுத்தது என்ன? பிளாஸ்டிக் பாட்டில். ஒரு டஜன்.

மேலதிகாரியிடம் போய்க் கேட்டேன். (இனி மே.அ. முழுசாக எழுதுகிற அளவுக்கு மரியாதை மிச்சமில்லை.) "சார், பிளாஸ்டிக்க தேடறதுக்கு பிளாஸ்டிக் பாட்டிலா?"

"எப்பவும் இதானேம்மா குடுக்கறோம்."

"எப்பவும் நாம இதத் தேடலையே சார்."

"கண்ணாடி வேணும்னா நீங்களே பாத்துக்கோங்க. ஸ்டோர்ல இல்ல." சொல்லிவிட்டு போனில் யாருடனோ மாம்பழம் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ருமானியா நல்லா இருக்காம்.

பார்த்துக்கொள்கிறேன்.

ஜூன் 4, புதன்

வீட்டில் தேடியதில் ஆறு பாட்டில். பூஸ்ட், தேன், எலுமிச்சை ஊறுகாய் இரண்டு, ஜாம், இன்னொன்று என்னவென்றே தெரியவில்லை. பக்கத்து வீட்டில் நாலு, எதிர்வீட்டில் இரண்டு. எல்லாம் தகர மூடி. பன்னிரண்டு ஆச்சு. கவர்மென்ட் வேலைக்குத் தெருவில் பாட்டில் பொறுக்கிய ஒரே ஆபீசர் நான்தான்.

ஊறுகாய் வாசம் லேசில் போகவில்லை. சோப்பு, வெந்நீர். தேவனாம்பட்டினத்து மீன்காரம்மா மீனோடு சும்மா கொடுக்கிற வலைத் துண்டைக் குச்சியில் சுற்றி உள்ளே விட்டு மூன்று தடவை தேய்த்தேன். தோள்பட்டை விட்டுப்போச்சு. பளபளவென்று கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

இவர் பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடியே: "எதுக்கு இவ்ளோ மல்லுக்கட்டற? ரிடையர் ஆவ இன்னும் ஒம்போது வருஷம் இருக்கு. நீ போயி நின்னா பிளாஸ்டிக் ஓடிடுமா?"

ஓடாது. இவர் காலையிலிருந்து அந்த நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை, அது போல அதுவும் அங்கேயேதான் இருக்கும். சொல்லவில்லை. எழுதுவதோடு சரி.

ஒரு விஷயம் மட்டும் இங்கே இருக்கட்டும். 17-ஆம் தேதி கலெக்டர் ஆபீஸில் கூட்டம். ரிசல்ட் தெளிவாக இருந்தால் மாவட்ட அளவில் உத்தரவு போடலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். பழுத்துப்போன கேன்களை ஒழிக்க வேண்டும், வெயிலில் அடுக்கக் கூடாது, முதலில் பள்ளிக்கூடங்களுக்குப் போகிற கேனிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் கலப்பட டீத்தூளையும் சாயப் பட்டாணியையும் பிடித்திருக்கிறேன். ஒரு உத்தரவு என்னால் வந்தது என்று சொல்ல எதுவும் இல்லை. இது வரணும். ஆசையாகவே இருக்கிறது, மறைப்பானேன்.

ஜூன் 5, வியாழன்

ஜீப் இல்லை. பஸ். கையில் பாட்டில் பை, கண்ணாடி கலகல என்று. ஆலப்பாக்கம் வரைக்கும் உட்கார இடம் இல்லை. பின்சீட்டில் இரண்டு பேர்:

"மைக்ரோவாம் மச்சான். கண்ணுக்கே தெரியாதாம்."

"தெரியாதத எப்புடிடா புடிப்பாங்க?"

"அதான் சம்பளம்."

திரும்பி முறைத்தேன். அவர்களுக்கு ஏன் என்று புரியவில்லை.

முதலில் பல்கலைக்கழக லேப். ஃபாத்திமா அங்கே ஆராய்ச்சி பண்ணுகிற பெண், பரங்கிப்பேட்டை. மெதுவாகத்தான் பேசும், ஆனால் பிடித்த பிடியை விடாது. "மேடம், ஒரு பாட்டில இங்கயே குடுத்துடுங்க. நாங்க வடிகட்டுன தண்ணிய ஊத்தி மூடித் தர்றேன். அதையும் கூடவே எடுத்துட்டுப் போயி எடுத்துட்டு வாங்க. பிளாங்க்."

"வெறும் தண்ணிய எதுக்கும்மா நான் சுமக்கணும்?"

"அதுல ஒண்ணுமே வரலன்னாதான் மத்ததுல வர்றத நம்ப முடியும்."

சரி. பதினோரு பாட்டில் சாம்பிளுக்கு, ஒன்று பிளாங்க்.

அப்புறம் ராஜவேலுவின் பிளான்ட், ஊருக்கு வெளியே. வெள்ளைச் சட்டை, நெற்றி நிறைய விபூதி, வாய் நிறைய மரியாதை. "வாங்க மேடம், மோர் சாப்டறீங்களா? வெயில் ஜாஸ்தி." அந்த மோரை அவன் தலையில் ஊற்றத் தோன்றியது.

பார்த்தவை:
– நாற்பது ஐம்பது கேன், மஞ்சளாகப் பழுத்தது, உள்ளே முழுக்கக் கீறல். திறந்த வெயிலில்.
– தேதி அழிந்த கேன் பாதிக்கு மேல்.
– கழுவுகிற இடம்: இரண்டு பெண்கள். நீல நைலான் வலையைக் கொத்தாகக் கேனுக்குள் திணித்து, கொஞ்சம் தண்ணீர் விட்டு, இடுப்பில் வைத்துக் குலுக்குகிறார்கள். பாசி போகிறதாம். வெளியே எடுக்கும்போது வலை பிசிறு பிசிறாக வருகிறது.

"இதுக்கு பிரஷ் இல்லையா?"

அதில் ஒருத்தி, அஞ்சலை என்று பேர், கிள்ளைப் பக்கம்: "பிரஷ் மூலைக்குப் போவாதுங்க. வலதான் நல்லா புடிக்கும். எங்க ஊட்லயும் இதான்."

பெரிதாக ஒரு பிரசங்கம் செய்தேன். நைலான் என்றால் என்ன, பிசிறு எங்கே போகும், யார் வயிற்றில் போகும். அந்தப் பெண் தலையை ஆட்டிக் கேட்டது. "எம் பொண்ணு மூணாவது படிக்குதுங்க. அவுங்க ஸ்கூலுக்கு எங்க கேன்தான்" என்றது. அப்புறம் வேலைக்குத் திரும்பிவிட்டது. வலையோடுதான், வேறு என்ன இருக்கிறது அதன் கையில்.

ராஜவேலு பின்னாலேயே வந்தான். "மேடம், ஒரே ஒரு கேள்வி. லிட்டருக்கு எவ்ளோ இருந்தா தப்பு? அந்த நம்பர சொல்லுங்க. எழுதி செவுத்துல ஒட்டிக்கிறேன்."

நம்பர் இல்லை. சட்டத்தில் எங்கேயும் இல்லை. அவனுக்கும் அது தெரியும், எனக்குத் தெரியும் என்றும் தெரியும். கிருமிக்கு அளவு இருக்கிறது, ஈயத்துக்கு இருக்கிறது, இதுக்கு இல்லை. யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். யோசிக்கிற ஆட்களுக்கு நல்ல தண்ணீர் வருகிறது போல.

"இது சர்வே சாம்பிள்தான். கேஸ் கெடையாது. கையெழுத்து போடுங்க" என்றேன்.

"அப்ப சந்தோஷமா போடறேன்."

பதினோரு பாட்டிலும் நிரம்பியது. லேபில் கொடுத்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் கால் வீங்கிவிட்டது. மாத்திரை வாங்க மறந்தாச்சு.

ஜூன் 9, திங்கள்

மே.அ. கூப்பிட்டு, ராஜவேலு யாரையோ பிடித்துப் புகார் சொல்லியிருக்கிறான் என்றார். "அந்தம்மா வேலக்காரங்க முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்டாங்க." மே.அ. என்னைப் பார்த்த பார்வை, அவன் தண்ணீரில் பிளாஸ்டிக்கைக் கலந்ததே நான்தான் என்பது போல.

கேஸ் சிலிண்டர் வந்தது. மாத்திரை வாங்கியாச்சு. மகள் சென்னையிலிருந்து போன்: "அம்மா, டீ பேக்லயும் பிளாஸ்டிக்காம், ரீல்ஸ்ல பாத்தேன்." பெற்ற அம்மா எதைத் தேடி பஸ்ஸில் அலைகிறாள் என்று ஒரு தடவை கேட்டதில்லை. ரீல்ஸ் சொன்னால்தான் நம்புவாள்.

ஜூன் 11, புதன்

ஃபாத்திமா போன். பதினோரு பாட்டிலிலும் இழை. பெரும்பாலும் நீலம். சூடான ஊசி வைத்தால் உருகுகிறதாம், நைலான்தான் என்கிறாள். எண்ணிக்கையும் ஜாஸ்தி.

நின்ற இடத்தில் கையைத் தட்டினேன். ஆபீஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நீல வலை, நீல இழை. கழுவுகிற இடத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இனி எந்த மோரை நீட்டுவான்?

மே.அ.கூட எழுந்து வந்தார். "வெரி குட்மா. கூட்டத்துல நம்ம ஆபீஸ் பேரு வரும்." நம்ம ஆபீஸாம். பாட்டில் கேட்டபோது அது என் வீட்டுப் பிரச்சினை.

ஃபாத்திமா கடைசியில், "பிளாங்க் இன்னும் பாக்கல மேடம், நாளைக்கு" என்றாள். "பாரும்மா, அதுல என்ன இருக்கப்போவுது" என்றேன். வரும் வழியில் இவருக்குப் பிடித்த முந்திரிப் பக்கோடா வாங்கி வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 12, வியாழன்

எழுதக் கை வரவில்லை. ஆனாலும்.

பிளாங்கிலும் நீல இழை. கிட்டத்தட்ட அதே அளவு.

ஃபாத்திமா குரலைத் தாழ்த்தித்தான் கேட்டாள். "மேடம், பாட்டில எதுலங்க கழுவுனீங்க?"

போனைப் பிடித்தபடியே அடுப்படிக்குப் போனேன். சிங்க் மேல் கிடந்தது. தேவனாம்பட்டினத்து வலைத் துண்டு. நீலம். பாதி பிசிறு போய்விட்டது.

அஞ்சலைக்குப் பிரசங்கம் பண்ணினேனே. முதல் நாள்தான் அதே வலையை அதே மாதிரி உள்ளே விட்டு மூன்று தடவை தேய்த்திருக்கிறேன். அவள் "எங்க ஊட்லயும் இதான்" என்றபோதுகூட என் மண்டையில் ஏறவில்லை. எம்.எஸ்ஸி. படித்த மண்டை. தூக்கிக் குப்பையில் போடணும்.

"என்ன பண்ணலாம்மா?" என்று கேட்டேன்.

"சாம்பிள்ல வந்தது அவங்க கேன்லேர்ந்து வந்ததா, நம்ம பாட்டில்லேர்ந்து வந்ததான்னு சொல்ல முடியாது மேடம். ரிப்போர்ட்ல அப்புடித்தான் எழுதுவேன்." ஒரு சொல்லைக்கூட அவள் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அதற்காகவே அவளை இரண்டு அறை விடலாம் போல இருந்தது. அவள் மேல் என்ன தப்பு.

இவரிடம் சொன்னேன். சிரித்தார். பத்து நிமிஷம். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, பாத்திரத்தை நான் தேய்க்கிறேன் என்று போனார். அதே வலையால். பிடுங்கி வெளியே எறிந்தேன்.

ஜூன் 13, வெள்ளி

மே.அ.விடம் சொல்லித்தான் ஆக வேண்டும். சொன்னேன்.

கதவைச் சாத்தினார். "பிளாங்க் விஷயம் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு. லேப் பொண்ணுக்கு."

"லேப் ரிப்போர்ட் முழுசா யாரு படிக்கப் போறா? நாம ஒரு பக்கம் சுருக்கம் குடுக்கறோம். சாம்பிள் பதினொண்ணு, பதினொண்ணுலயும் இழை. இது உண்மைதானே?"

"உண்மைதான் சார்."

"நீங்களே கண்ணால பாத்திருக்கீங்க, வல போட்டுத் தேய்க்கறத. அதுவும் உண்மை. அப்புறம் என்ன? உத்தரவு வந்தா பசங்களுக்கு நல்லது. ராஜவேலு யோக்கியனாம்மா? அவனுக்காக நீங்க எதுக்கு வக்காலத்து வாங்கறீங்க?"

முதல்முறையாக மே.அ. பேசியதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் எரிச்சல். அந்தக் கேன் மோசம் என்று எனக்குத் தெரியும். ஒரே ஒரு வரியை விட்டுவிட்டால் பழைய கேன் முழுக்க ஒழியும். அஞ்சலையின் மகள் குடிக்கிற தண்ணீரும் அதில் அடக்கம். அந்த ஒரு வரியைச் சேர்த்தால் ஒன்றும் நடக்காது.

சனி, ஞாயிறு இருக்கிறது. யோசிக்கணும்.

பல் வலி வேறு. இடது கடைவாய்.

ஜூன் 15, ஞாயிறு

மீன்பிடித் தடைக்காலம் முடிந்து போட் போயிருக்கிறது. தேவனாம்பட்டினத்தில் கூட்டம். மீன்காரம்மா சங்கராவை வெட்டிப் பையில் போட்டு, மேலே வழக்கம் போல ஒரு துண்டு வலை. "வேணாம்" என்றேன். "ஏன் கண்ணு, காசா கேக்கறேன்?" என்று கோபித்துக்கொண்டாள். ஊர் முழுக்க எல்லா வீட்டு சிங்கிலும் இது கிடக்கிறது. யார் மேல் கேஸ் போடுவது.

இரண்டு சுருக்கம் எழுதினேன். ஒன்றில் பிளாங்க் இல்லை. நல்ல ரிப்போர்ட், பார்க்கவே அழகு. இன்னொன்றில் இருக்கிறது. படித்தால் எழுதினவள் முட்டாள் என்று தெரியும்.

இருபத்திரண்டு வருஷமாக எத்தனை கடைக்காரன் என்னிடம், "ஒரு வரிதான மேடம், விட்ருங்க" என்று கேட்டிருப்பான். எல்லோரையும் கேவலமாகப் பார்த்திருக்கிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

கூட்டம். ஏசி ஓடவில்லை. பிளான்ட்காரர்கள் சார்பில் நாலு பேர், அதில் ராஜவேலு முன்வரிசையில். மே.அ. என் பக்கத்தில், விசிறிக்கொண்டு.

என் முறை வந்தது. பதினோரு சாம்பிள் படித்தேன். எதிரே தலைகள் நிமிர்ந்தன. பிறகு பிளாங்கையும் படித்தேன். "சாம்பிள் எடுத்த பாட்டில்களை நானே வீட்டில் வலைத் துண்டால் கழுவினேன். ஆகவே இந்த முடிவுகளை எடுத்துக்கொள்ள முடியாது. பிளான்டில் கேன் கழுவுகிற முறையை நேரில் பார்த்தது தனி. அதைத் தனியாக எழுதியிருக்கிறேன்."

மே.அ. விசிறுவதை நிறுத்திவிட்டார்.

ராஜவேலு எழுந்தான். கும்பிட்டான். "மேடம் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லீங்க. ஆனா மேடம் வூட்டு வல மேடம் பாட்டில்ல இருந்தா தெரியாம நடந்தது. எங்க வல எங்க கேன்ல இருந்தா குத்தமா?"

சிரிப்பு. ஒரு பெரிய ஆபீசர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. நல்லா கேட்டான் பாவி, அதையும் சொல்லணும்.

முடிவு: உத்தரவு இப்போது இல்லை. மறு சாம்பிள் எடுத்து அடுத்த கூட்டத்தில் வைக்க வேண்டும். அடுத்த கூட்டம் எப்போது? அறிவிக்கப்படும்.

வெளியே வந்ததும் மே.அ. ஒரே வரி: "மெமோ வரும், பதில் எழுதி வைங்க." ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். நான் ஆட்டோ.

வீட்டுக்கு வந்து முகம் கழுவினேன். அழுதேன் என்றும் எழுதலாம். ஆத்திரத்தில்தான்.

ஜூன் 20, வெள்ளி

மறு சாம்பிள். இந்தத் தடவை பாட்டில் எல்லாம் ஃபாத்திமா லேபிலேயே கழுவிச் சூடேற்றி மூடிக் கொடுத்தது. நான் தொட்டது மூடிக்கு வெளியே மட்டும்.

பிளான்ட் அடையாளமே தெரியவில்லை. தகரக் கொட்டகை போட்டிருக்கிறான். எல்லாம் புதுக் கேன், கண்ணாடி மாதிரி நீலம். கழுவுகிற இடத்தில் நீளக் கைப்பிடி பிரஷ் நாலு. வலை பேருக்குக்கூட இல்லை.

"நீங்கதான் மேடம் எனக்கு டீச்சர்" என்றான் ராஜவேலு. "கூட்டத்துல நீங்க படிச்சதும்தான் தெரிஞ்சுது, எத எத பாப்பீங்கன்னு. ஆனித் திருமஞ்சனத்துக்குத் தண்ணிப் பந்தலும் நாங்கதான். சுத்தமா இருக்கணும் இல்ல?"

ஒரு நிமிஷம், கேடு கெட்ட ஒரே நிமிஷம், சந்தோஷப்பட்டேன். உத்தரவு இல்லாமலே ஒருத்தன் திருந்திவிட்டான் என்று. இத்தனை வருஷம் இந்த வேலை பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை.

பாட்டில் நிரப்பி முடித்துக் கிளம்பும்போது அஞ்சலை குடத்தை எடுத்துக்கொண்டு கேட் வரைக்கும் வந்தது. யாரும் பார்க்காத மாதிரி குனிந்து சொன்னது.

"பழைய கேன்லாம் ஒடைக்கல மேடம். நேத்தே வண்டில ஏத்திட்டாங்க. கிள்ளப் பக்கம் ஸ்கூலு, அங்கன்வாடி, அங்கல்லாம் போயிடுச்சி. அங்க யாரும் டெஸ்டு பண்ண மாட்டாங்களாம். முன்ன கலந்து வரும், ஒண்ணு நல்லது ஒண்ணு பழசு. இப்ப மொத்தமா பழசுதான். எம் பொண்ணுக்கும் அதான்."

"நீ எங்கிட்ட சொன்னது தெரிஞ்சா?"

"வேல போவும்." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டது. "நீங்க கூட்டத்துல சொன்னதாலதான்னு பேசிக்கறாங்க. நீங்க நல்லதுக்குத்தான் சொல்லிருப்பீங்க."

நல்லதுக்குத்தான்.

மே.அ.வுக்கு போன் பண்ணினேன். எடுக்கவில்லை. திரும்பப் பண்ணினேன். மெசேஜ் வந்தது: "ஸ்கூல் சாம்பிள் இந்த சர்வேயில் இல்லை."

ஜூன் 23, திங்கள்

லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆபீஸ் சாம்பிள் இல்லையென்றால் என் சாம்பிள். ஃபாத்திமா இரண்டு பாட்டில் கொடுத்தாள், ஒன்றுமே கேட்கவில்லை.

கிள்ளைப் பக்கம் காற்றே இல்லை. பத்தரைக்கே ஓடு கொதிக்கிறது. பள்ளிக்கூட வராந்தாவில் மூன்று கேன், மஞ்சள், தேதி அழிந்தது, உள்ளே கீறல். ராஜவேலு பிளான்டில் முதல் நாள் பார்த்த அதே ஜாதி. பாட்டில் நிரப்பினேன். உத்துப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. தெளிந்த தண்ணீர்.

ஹெச்.எம். அம்மா நல்ல மாதிரி. உட்கார வைத்தார்கள். சொன்னேன், எல்லாம். வலை, கேன், கூட்டம், என் பாட்டில் உட்பட.

"அப்ப இத நிறுத்திடவா மேடம்?"

"வேற தண்ணி?"

"போர் இருக்கு. உப்பு, வாய்ல வைக்க முடியாது. பைப்ல ரெண்டு நாளைக்கு ஒருக்கா, அதுவும் மதியத்துக்கு மேல. வெள்ளிக்கெழம ஒரு புள்ள மயக்கம் போட்டு விழுந்திருச்சி, வெயில்ல."

"வேற பிளான்ட்ல சொல்லிப் பாக்கலாம்."

"சொல்றோம். வர்றதுக்கு ஒரு வாரம் ஆவும். அவுங்க கேன் மட்டும் எப்புடி இருக்கும்னு நமக்குத் தெரியுமா?"

தெரியாது.

இன்டர்வெல் பெல் அடித்தது. பிள்ளைகள் டம்ளரோடு வரிசையில் வந்து நின்றார்கள். தள்ளுமுள்ளு, வேர்வை நாற்றம், "டீச்சர் தண்ணி." ஹெச்.எம். அம்மா கேனுக்கும் வரிசைக்கும் நடுவில் போய் நின்றுகொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க ஆபீசரு. ஒரே வார்த்த சொல்லுங்க. குடிக்கலாமா, கூடாதா?"

முதலில் நின்ற பெண்ணுக்கு ஏழெட்டு வயசு இருக்கும். உதடு காய்ந்து வெடித்திருந்தது. "எங்கம்மா கேன் பிளான்ட்டுல வேல செய்யுது" என்று நான் கேட்காமலே சொன்னது, பெருமையாக.

"குடிக்கட்டும்" என்றேன்.

இரண்டு டம்ளர் குடித்தது.